இரண்டாவது வெடிக்கு முன்னால்

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். புதிதாகக் குடிவந்தவள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புகை ஜன்னல் வழியாக என் மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் நான் செய்ததைத் தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். "நெருப்பு, நெருப்பு" என்று கத்திக்கொண்டு குட்டைச்சுவரைத் தாண்டிக் குதித்தேனாம். தூபக்கால் ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். அவள் புருஷன் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, "பைத்தியமாய்யா உமக்கு?" என்று கேட்டான். என் வீட்டுக்காரி போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

நீ போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. உன் அடக்கத்தின்போதுகூட நான் சத்தம் போட்டு அழவில்லை. சாத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஆளாக நின்று ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுவிட்டு, ஒரு மணி பஸ்ஸைப் பிடித்து விருதுநகருக்கு ஓடி வந்துவிட்டேன். நாலு மணிக்கு மில்லை நிறுத்த வேண்டும் என்று ஒரு சாக்கு. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் நிஜம். பெட்டியை மூடியபிறகுதான் பக்கத்திலேயே வந்தேன். திட்டு, நன்றாகத் திட்டு. உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதற்காகத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

எங்கள் கடலைமாவு மில்லுக்கு நீ ஃபிட்டராக வந்தது நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிதில். அதற்கு முன்னால் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆபீசில் இருந்தாய். மருந்து கலக்குகிற கொட்டகை ஒன்று வெடித்ததில் உன் இடது காது போயிருந்தது. அஞ்சாவது வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம், அதனால் நான் மேனேஜர், நீ வேலைக்காரன் என்கிற மரியாதையெல்லாம் உனக்கு மருந்துக்கும் கிடையாது.

"என்னலே, வெடிக்குப் பயந்து மாவு மில்லுக்கு ஓடியாந்துட்டியா?" என்று முதல் நாளே சீண்டினேன்.

"ஆமாலே. அங்கன மருந்துன்னு தெரிஞ்சு பயந்து வேலை பாக்காக. இங்கன தெரியாம சிரிச்சுக்கிட்டு இருக்கீக" என்றாய்.

நான் சிரித்தேன். கடலைமாவுக்கு யாராவது பயப்படுவார்களா? பஜ்ஜி போடுகிற மாவு, குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற மாவு. சிவகாசிப் பக்கம் பிழைக்கிற நமக்கெல்லாம் கறுப்பாக இருந்தால்தான் வெடிமருந்து, மஞ்சளாக இருந்தால் பலகாரம்.

அன்று சாயங்காலமே அரவைக்கூடம் முழுவதையும் சுற்றி வந்தாய். ஏணி போட்டு உத்தரத்தில் ஏறினாய். அங்கே படிந்திருந்த மாவில் விரலால் என் பெயரை எழுதிவிட்டு, என்னையும் மேலே ஏற்றிக் காட்டினாய். "உன் பேரைப் படிக்க முடியுதா? படிக்கிற அளவுக்குத் தூசி கிடந்தா அது வெடிக்கும்லே." எரிகிற பல்பின் தலையில் மாவு கருகிப் பழுப்பேறிக் கிடந்ததைக் காட்டினாய். அந்த வாசனையை நான் அதுநாள் வரை வறுத்த கடலை வாசனை என்று நினைத்திருந்தேன். பருப்பு இறங்குகிற தகர வாய்க்குள் ஒரு பழைய ரேடியோவின் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டாய். ஒரு வாரம் கழித்து அதில் ஒட்டியதையெல்லாம் என் மேசையில் கொட்டினாய். லாட ஆணி, கோணி தைக்கிற ஊசி, வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவின் துண்டு. இதில் ஏதாவது ஒன்று மிசினுக்குள் உரசிப் பொறி தட்டினால் போதும் என்றாய். சரி, வேலை தெரிந்தவன் என்று அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தத் தகர டின் வேலை செய்தாய் பார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவு அள்ளுகிற பெண்களையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே கூப்பிட்டு வட்டமாக நிறுத்தினாய். பிஸ்கட் டின்னுக்குள் ஒரு மெழுகுவர்த்தி, அடியில் ஒரு ஓட்டை, அதில் ரப்பர்க் குழாய், அதன் வாயில் ஒரு கரண்டிக் கடலைமாவு. மூடியை அழுத்தி மூடிவிட்டு சைக்கிள் பம்பால் ஒரே அழுத்து. மூடி பனைமர உயரத்துக்குப் போய் வந்து என் காலடியில் விழுந்தது. டின்னின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குத் தீ. ஒரு பெண் வீறிட்டாள். மறுநாள் நாலு பேர் வேலைக்கு வரவில்லை.

தீபாவளி சீசன். பட்டாசுக்கு எப்படி ஆர்டரோ அப்படித்தான் கடலைமாவுக்கும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் லோடு நிற்கிறது. நீ என்னடாவென்றால் ஆளை விரட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மில்லை நிறுத்தி உத்தரத்தை ஈரச்சாக்கால் துடைக்க வேண்டும் என்று வந்து நிற்கிறாய். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பெண்கள் பார்க்க உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நீ சும்மாவா விட்டாய்? திருப்பிக் கொடுத்தாய் ஒன்று. முன்பல் ஆடிப்போயிற்று, ஒரு மாதம் முறுக்குக் கடிக்கவில்லை நான். இருவரும் மாவில் உருண்டு புரண்டு, விலக்கிவிட்டவர்களையும் உதைத்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். உதட்டிலிருந்து ரத்தம் வழிய, மாவு அப்பிய முகத்தோடு சொன்னாய்.

"கேட்டுக்கலே. மொத வெடி சும்மா தட்டும். அது உத்தரத்துல கெடக்க தூசி அம்புட்டையும் உலுப்பிக் கீழ எறக்கும். ரெண்டாவது வெடிதான் ஆளை எடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடுற நேரந்தான் இருக்கும்."

"சரிலே, ஒரேயடியா ஆயுத பூஜை அன்னைக்கு மில்லு நிக்குமில்ல, அன்னைக்கு அடிச்சுத் தொலை" என்றேன்.

"வருசத்துத் தூசிய ஒரே நாள்ல கிளப்புறதா? அதுக்கு நாரணாபுரத்துலயே இருந்திருப்பேன்" என்றாய். ஆனால் வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டாய். இரண்டு நிபந்தனை போட்டாய். ஈரச்சாக்கால்தான் துடைக்க வேண்டும், விளக்குமாறு கூடாது. துடைத்து முடித்துத் தூசி அடங்குகிற வரைக்கும் சூடமும் சாம்பிராணியும் வாசலோடு நிற்க வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது பிடிக்கவில்லை.

"வேதக்காரன் பூசைக்குத் தடை சொல்லுதான்னு முதலாளி காதுக்குப் போச்சுன்னா?"

"எங்க மாதா கோயில்லயும் சாம்பிராணிதாம்லே போடுறாக. மாவு மூட்டைக்கு நடுவுல போடல" என்றாய்.

நியாயமான பேச்சு. அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் படவில்லையே! உன் மேல் மனசுக்குள் ஒரு முள்ளை வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்கே நீ வந்துவிட்டாய். மாவு அள்ளுகிற செல்லத்தாயையும் இன்னும் இரண்டு பெண்களையும் உத்தரம் துடைக்க ஏணியில் ஏற்றினாய். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஒவ்வொரு உத்தரமாக, மெதுவாக. பத்து மணிக்குக் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியது. சாக்கு நனைக்கத் தண்ணீர் இல்லை. பின்கட்டுக் கிணற்றில் இறைத்து வருகிறேன் என்று வாளிகளை எடுத்துக்கொண்டு நீ போனாய்.

முதலாளி இருக்கன்குடி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வந்து இறங்குவார், பன்னிரண்டுக்கு மேல் நல்ல நேரம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பாதி உத்தரம்கூட முடியவில்லை. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேள். ஈரச்சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். ஒட்டடைக் கம்பும் விளக்குமாறும் கொண்டுவந்து கொடுத்தேன். "ஃபிட்டரு ஈரத்துலதான் தொடைக்கச் சொன்னாகய்யா" என்று செல்லத்தாய் சொன்னாள். "சம்பளம் ஃபிட்டரா குடுக்கான்? அடிச்சுத் தள்ளு" என்றேன். தூசி பறந்து வாசலில் படைத்து வைத்திருந்த பொரிகடலை மேல் படியத் தொடங்கியது. காற்று அடித்துத் தூசியை வெளியே தள்ளக் கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் நானே இழுத்து மூடினேன். வாசல் கதவு ஒன்றுதான் மிச்சம்.

முதலாளியின் கார் சத்தம் கேட்டது. தூபக்காலில் கனல் ரெடியாக இருந்தது. சாம்பிராணியை அள்ளிப் போட்டு, அவர் பார்க்கும்போது மில் முழுக்க மணக்க வேண்டும் என்று வாசலுக்கு வந்தேன். உள்ளே மஞ்சள் மூட்டம். பெண்கள் இருமுகிற சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

நீ இரண்டு கையிலும் வாளியோடு பக்கவாட்டிலிருந்து ஓடி வந்தாய். "உள்ள போகாதலே! நெருப்பு! போகாதலே, ஏலே!" முதலாளி காரிலிருந்து இறங்கி நிற்கிறார். சாமி காரியத்தில், என் முதலாளி முன்னால், என்னை ஏலே என்கிறான் இந்த வேதக்காரன் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. உன்னை முறைத்துக்கொண்டே இரண்டடி உள்ளே வைத்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் கனலை வாயால் ஊதினேன்.

முதலில் பெரிய சத்தம் எதுவும் இல்லை. கொதிக்கிற துணியை முகத்தில் வீசியது போல இருந்தது, அவ்வளவுதான். என் புருவமும் மீசையும் பொசுங்கின. கூடம் ஒரு குலுங்கு குலுங்கியது. மேலே தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரு அமைதி. உத்தரங்களிலிருந்து மாவு திரைதிரையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மரம்போல நின்றேன். நீ சொன்ன அந்த ஒரு மூச்சு நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை.

உனக்கும் தெரியும். நீ வெளியே நின்றாய். ஓடியிருந்தால் இன்றைக்கும் கிளப்புக்கடையில் என் இலையிலிருந்து வடையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருப்பாய். நீ உள்ளே வந்தாய். என் காலரைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே எறிந்தாய். ஏணியிலிருந்து விழுந்து கிடந்த இரண்டு பெண்களைத் தலைமயிரைப் பிடித்துத் தள்ளிவிட்டாய். அப்புறம் செல்லத்தாயை நோக்கிக் கையை நீட்டினாய்.

இரண்டாவது வெடியில் கூரை முழுசாக எழும்பியது. தகரங்கள் ரயில் ரோடு வரைக்கும் போய் விழுந்தன. சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தது. முதலாளியின் கார்க் கண்ணாடி நொறுங்கி அவர் காலடியில் கிடந்தது. நீ நடந்துதான் வெளியே வந்தாய். உன் சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாய். "ஒருத்தி உள்ள கெடக்காலே" என்று சொல்லிவிட்டு விழுந்தாய்.

செல்லத்தாய் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். வாழையிலையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். இலையை மாற்றும்போதெல்லாம் அவள் போட்ட சத்தத்தை வராந்தாவில் நின்று கேட்டேன். கடைசி நாள் சத்தம் போடவில்லை. அவள் புருஷன் குருசாமி அன்றைக்கு ஆஸ்பத்திரித் தூணில் தலையை மோதி மோதி மண்டையை உடைத்துக்கொண்டான்.

தொழிற்சாலை அதிகாரி விசாரணைக்கு வந்த அன்று நானும் உன் கட்டில் பக்கத்தில் நின்றேன். உன் முகத்தில் வாய் மட்டும்தான் தெரிந்தது. வெடிக்கு என்ன காரணம் என்று கேட்டார். "சுவிட்சை நான் சரியா மாட்டல சார். பொறி விழுந்துருச்சு" என்றாய். அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை உனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட முடியாமல் உன் கை இரண்டும் கட்டுக்குள் இருந்தது, நர்ஸ் உன் கால் பெருவிரலில் மை தடவினாள். மூட்டத்துக்குள் இருந்த பெண்களுக்கு நெருப்பு வந்த வழி தெரியாது, முதலாளிதான் வாசலில் எல்லாவற்றையும் பார்த்தவர். மில்லின் பேர் கெடாமல் இருந்தால் போதும் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி போனதும் நான் உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ எரிந்து விழுந்தாய்.

"அழாதலே, எரிச்சலா வருது. நீ ஜெயிலுக்குப் போனா வேற ஒருத்தன் மேனேஜரா வருவான். அவன் இதப் பாக்கல. மாவுதானேம்பான். நீ பாத்துட்டே. தினம் நாலு மணிக்கு மில்லை நிப்பாட்டுவேல்ல? ஈரச்சாக்குல தொடைக்கச் சொல்லுவேல்ல? அதுக்குத்தாம்லே சொன்னேன். உம்மேல பாசம் பொங்கி இல்ல."

நிறுத்தினேன். ஒன்பது வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. மில்லைத் திரும்பக் கட்டும்போது கூரையை லேசாகப் போட்டேன், சுவருக்குச் சுவர் கதவு வைத்தேன், பல்புக்கெல்லாம் கண்ணாடிக் கூடு மாட்டினேன். பூஜையெல்லாம் வாசலோடு சரி. எத்தனை லோடு நின்றாலும் நாலு மணிக்கு மிசினை ஓட்டுகிற பெல்ட்டைக் கழற்றிவிடுவேன். முதலாளி கத்துவார், நானும் பதிலுக்குக் கத்துவேன். இதையெல்லாம் சாத்தூருக்கு வந்து உன்னிடம் சொல்லும்போது உன் அக்கா உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள். "காந்தத்தைத் தொடச்சியா?" என்று கேட்பாய். அதைத் தவிர நாம் எதையும் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்றைப் பேசியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை விட்ட அன்று குருசாமி வாசலில் காத்திருந்தான். "சுவிட்சு மாட்டத் தெரியாத நாயி, எம் பொண்டாட்டிய எரிச்சுக் கொன்னுட்டியே" என்று பாய்ந்து உன் முகத்தில் துப்பினான். அப்போதுதான் தோல் கூடியிருந்த கன்னத்தில் குத்தினான், கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். நீ தடுக்கக் கையைத் தூக்கவில்லை. விரல்கள் ஒட்டிப்போன கை நெஞ்சோடு கட்டியிருந்தது. நான் குதிரைவண்டிப் பக்கத்தில் நின்றேன். நாலே நாலு அடி தூரம். நான் வாயைத் திறக்கவில்லை. நீ மண்ணில் கிடந்தபடி என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினாய். அந்த ஆட்டலை ஒன்பது வருஷம் எனக்கு உத்தரவாக எடுத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு வசதியான உத்தரவு!

நேற்று அந்தப் பெண் ஈரத்தலையோடு தரையில் கிடந்து என்னைப் பார்த்த பார்வைக்கப்புறம் என்னால் முடியவில்லை. இன்று காலை குருசாமியைத் தேடிப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் விறகுக்கடையில் இருக்கிறான். கருவேல விறகு பிளந்துகொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஈரச்சாக்க யாரு பிடுங்குனது?" என்று கேட்டான்.

"நான்."

"நெருப்ப யாரு கொண்டு போனது?"

"நான்தான் குருசாமி."

கோடாலியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விறகுக் கட்டையை எடுத்தான். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, நெற்றியில் ஒன்று. விழுந்தேன். கையைத் தூக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பிடிவாதமாகப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவன் நிறுத்திவிட்டான்.

"ஏன்யா கையக் கட்டிக்கிடுதே? அவருக்குக் கை இல்ல, அடி வாங்குனாரு. உனக்கு இருக்குல்ல? போ. போய் எழுதிக் குடு. அவருமேல எழுதுன பொய்ய அடிச்சு எழுதிக் குடு." கட்டையை எறிந்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தான். "அவரு மூஞ்சியில துப்புனேனேய்யா" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

நெற்றியில் கட்டோடு மில்லுக்குப் போனேன். பெண்களைக் கூட்டி அவர்களிடமும் சொன்னேன். நான் திங்கட்கிழமை அதிகாரியிடம் போகிறேன், திரும்பி வருவேனா தெரியாது, வருகிறவன் மில்லை நிறுத்த மாட்டான் என்றேன். அன்றைக்கு நீ தலைமயிரைப் பிடித்துத் தள்ளிய இருவரில் ஒருத்தி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கழுத்தெல்லாம் தழும்பு. "அவன் யாரு நிப்பாட்ட? பெல்ட்டு எங்ககிட்டதான இருக்கு. நாலு மணி ஆனா நாங்க வெளிய வந்து நிப்போம். நீங்க போங்க" என்றாள். போகாதீங்க என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அது சரிதான்.

மனுவை எழுதி முடித்துவிட்டேன். சாக்கைப் பிடுங்கியது, ஜன்னலை மூடியது, கனலை ஊதியது, நீ அடி வாங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் அதில் இருக்கிறது. சுவிட்சில் ஒரு குற்றமும் இல்லை என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதத் தெரியவில்லை. குருசாமியிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நீ முதலில் என் காலரைத்தான் பிடித்தாய். செல்லத்தாய்க்கும் உன் விரலுக்கும் நடுவே கடைசியில் ஒரு முழம்தான் இருந்தது, வெளியே விழுந்து கிடந்து பார்த்தவன் நான். என்னை விட்டுவிட்டு நேரே போயிருந்தால் அவளை எட்டியிருப்பாய். தீயைக் கொண்டு வந்தவனை இழுத்துப் போடப் போன நேரத்தில்தான் அவள் போனாள். இன்றைக்கும் சட்டை போடும்போது பின்கழுத்தில் அந்த இழுப்பு இருக்கிறது. ஒன்பது வருஷமாக வாரா வாரம் சாத்தூருக்கு வந்தும் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னை ஏன்லே முதல்ல இழுத்தே?